இணையவழி வணிகமும் மோசடி மின்னஞ்சலும்

முன்பின் தெரியாதவரிடமிருந்து வரும் மின்னஞ்சலைத் திறக்காமலே நீக்கிவிட வேண்டும் என்பது பொதுமக்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை. இணையத்தில் கடை நடத்துபவரால் அதைக் கடைப்பிடிக்க முடியாது. அவருக்கு வருமானமே முன்பின் தெரியாதவர்களின் கடிதங்கள் வழியாகத்தான் வருகிறது. விலை கேட்பவர், உடைந்து வந்த பொருளின் படத்தை அனுப்புபவர், மொத்தக் கொள்முதலுக்குப் பட்டியல் இணைப்பவர் என எல்லோரும் முதல் நாளில் அந்நியர்களே. அவருடைய முகவரியும் ஒளிந்திருப்பதில்லை. தளத்தின் தொடர்புப் பக்கத்திலும், பில்லிலும், விற்பனைத் தளங்களின் பட்டியல்களிலும் அது இருக்கிறது. டொமைன் பெயரைப் பதிவு செய்தவரின் மின்னஞ்சல் முகவரியை 2018 மே வரை ‘ஹூஇஸ்’ பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது. ஐரோப்பியத் தனியுரிமை விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகே பெரும்பாலான பதிவுகளில் அது மறைக்கப்பட்டது. அதற்குமுன் திரட்டப்பட்ட பட்டியல்களை இனி யாராலும் திரும்பப் பெற முடியாது.

வணிகரைக் குறிவைக்கும் மோசடிக் கடிதம் அவருடைய கணினியைவிட அவருடைய வேலை முறையையே அதிகம் படித்து எழுதப்படுகிறது. பில், கொட்டேஷன், கொள்முதல் ஆணை, புதுப்பிப்பு அறிவிப்பு, வங்கிக் கணக்கு மாற்றம் என்று அவர் தினமும் கையாளும் காகிதங்களின் உருவத்திலேயே அது வருகிறது. ஆகவே கடிதத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை போதாது. பணம் வெளியே போகும் இடம், சரக்கு கைமாறும் இடம், கடவுச்சொல் இடப்படும் இடம் ஆகிய மூன்றிலும் கடிதத்தின் தோற்றத்தைச் சாராத ஓர் ஒழுங்கு வேண்டும்.

அனுப்புநர் பெயர் ஏன் சான்றாகாது

மின்னஞ்சலைக் கணினிகளுக்கிடையே கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறை 1982 ஆகஸ்டில் ஜோனதன் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 ஆவணத்தில் வகுக்கப்பட்டது. ஒருவரையொருவர் அறிந்த ஆய்வு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் பயன்படுத்திய வலையமைப்புக்காக அது உருவானது. அனுப்புபவர் தாம் சொல்லும் ஆள்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. தபால் உறையின் பின்புறம் எந்த முகவரியையும் எழுதிப் பெட்டியில் போட்டுவிடலாம் என்பதைப் போல, ‘அனுப்புநர்’ என்ற இடத்தில் எந்தப் பெயரையும் இடலாம்.

இந்தக் குறையைப் பின்னாளில் மூன்று ஒட்டுகளால் சரிசெய்ய முயன்றார்கள். எந்தெந்தச் சர்வர்கள் ஒரு டொமைனின் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்று அறிவிப்பது எஸ்பிஎஃப். அஞ்சலில் மின்கையொப்பம் இடுவது டிகேஐஎம். இந்த இரண்டும் அனுப்புநர் முகவரியோடு பொருந்தாத அஞ்சலை என்ன செய்வது என்று பெறுபவரின் சர்வருக்குச் சொல்வது டிமார்க். டிமார்க் 2012இல் வெளியாகி 2015இல் ஆர்எஃப்சி 7489 ஆனது. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 அஞ்சல்களுக்குமேல் அனுப்புபவர்கள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. யாஹூவும் அதே நேரத்தில் மொத்த அஞ்சல் அனுப்புபவர்களுக்கு இத்தகைய விதிகளைக் கொண்டுவந்தது.

சிறு கடைகள் இங்கே அடிக்கடி தவறுவது ஓரிடத்தில். ஆர்டர் உறுதிசெய்யும் அஞ்சல் ஒரு சேவையிலிருந்தும், சலுகை அறிவிப்பு இன்னொரு சேவையிலிருந்தும், உரிமையாளரின் கடிதம் மூன்றாவது இடத்திலிருந்தும் போகும். எஸ்பிஎஃப் பதிவில் ஒன்றுதான் இருக்கும். பிறகு உண்மையான அஞ்சல்களே குப்பைப் பெட்டிக்குப் போவதைக் கண்டு டிமார்க் கொள்கையைத் தளர்த்தி, ‘எதுவும் செய்ய வேண்டாம்’ என்ற நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அந்த நிலை கண்காணிப்புக்கு உரியது, பாதுகாப்புக்கு உரியது அன்று. முதலில் அந்த நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைப் படித்து, தம் பெயரில் அனுப்பும் எல்லாச் சேவைகளையும் முறையாகச் சேர்த்த பிறகு ‘நிராகரி’ என்ற நிலைக்கு உயர்த்த வேண்டும். கடையின் பெயரில் வாடிக்கையாளர்களுக்குப் போலி அஞ்சல் போவதைத் தடுக்க இதைவிட நேரடியான வழி இல்லை.

ஆனால் இந்த மூன்றும் ஒரு டொமைன் உண்மையானதா என்பதை மட்டுமே சொல்லும். அதன் பின்னால் இருப்பவர் நேர்மையானவரா என்று சொல்லாது. மோசடிக்காரர் ஓர் எழுத்தை மாற்றிப் புதிய டொமைன் வாங்கி, அதற்கு முறைப்படி மூன்று பதிவுகளையும் செய்துவிட்டால் அவருடைய அஞ்சல் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடும். கைப்பேசியில் அஞ்சல் படிக்கும்போது பல செயலிகள் முகவரியைக் காட்டாமல் பெயரை மட்டும் காட்டுகின்றன. ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கவனிக்கும் வாய்ப்பும் அங்கே போய்விடுகிறது.

கணக்கு எண் மாறிய கடிதம்

மோசடி அஞ்சல்களில் வணிகத்துக்கு மிகப்பெரிய இழப்பைத் தருவது வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லும் கடிதம். அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் இணையக் குற்றப் புகார் மையம் 2024இல் இவ்வகையில் 21,442 புகார்களைப் பெற்றது. அவற்றில் சொல்லப்பட்ட இழப்பு ஏறத்தாழ 277 கோடி டாலர். ஒரு புகாருக்குச் சராசரியாக ஒன்றேகால் லட்சம் டாலருக்கு மேல் வருகிறது.

இந்தியாவில் இதன் இயல்பைத் தெளிவாகக் காட்டியது 2015இல் எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு நிறுவனத்துக்கு நேர்ந்தது. சவுதி அராம்கோவுக்கு நாப்தா விற்ற அந்த நிறுவனத்துக்கு வர வேண்டிய ஏறத்தாழ 197 கோடி ரூபாய் வேறு கணக்குக்குப் போனது. அலுவலரின் முகவரியில் ‘ஓஎன்ஜிசி’ என்றிருந்த இடத்தில் ‘ஓஜிஎன்சி’ என்று இரண்டு எழுத்துகள் மட்டும் இடம் மாறியிருந்தன. இதில் ஏமாற்றப்பட்டவர் வாங்கியவர். பணம் வராமல் நின்றவர் விற்றவர். தன் பக்கத்தில் எந்தப் பொய்க் கடிதத்துக்கும் பதில் எழுதாத விற்பனையாளரும் இந்த மோசடியில் பணத்தை இழக்க நேரும். திருப்பூரிலிருந்து பின்னலாடையும் கரூரிலிருந்து வீட்டு உபயோகத் துணிகளும் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் பேரம், மாதிரி, பில், பண விவரம் அனைத்தையும் மின்னஞ்சலில்தான் நடத்துகிறார்கள். அவர்கள் இந்த வகையைத்தான் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் ஏமாறமாட்டா என்ற எண்ணமும் சரியன்று. எவால்டாஸ் ரிமாசௌஸ்காஸ் என்ற லிதுவேனியர், தைவானின் குவாண்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தார். கூகுளும் ஃபேஸ்புக்கும் உண்மையான குவாண்டாவிடம் வழக்கமாகப் பொருள் வாங்கிவந்தவை. 2013 முதல் 2015 வரை போலி பில்களையும் ஒப்பந்தங்களையும் அனுப்பி அவ்விரண்டிடமிருந்தும் 12 கோடி டாலருக்கு மேல் பெற்றார். 2019 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. வழக்கமாக நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்குள் வழக்கமான தோற்றத்தோடு நுழைந்தார்.

போலி முகவரியைவிட ஆபத்தானது உண்மையான அஞ்சல் பெட்டிக்குள்ளேயே ஒருவர் நுழைந்திருப்பது. கடவுச்சொல்லைத் திருடியவர் உடனே எதுவும் செய்வதில்லை. நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறார். யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் பணம் வரும், இருவரும் ஒருவரை ஒருவர் எப்படி விளிக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ‘பில்’, ‘பணம்’ போன்ற சொற்கள் உள்ள அஞ்சல்களைத் தமக்கு அனுப்பிவிட்டு, உரிமையாளர் பார்க்காத ஒரு கோப்புறைக்குள் தள்ளும் விதியையும் பெட்டியில் எழுதிவைக்கிறார். பில் அனுப்பப்படும் நாளில், அதே உரையாடலின் தொடர்ச்சியாக, அதே முகவரியிலிருந்து, ‘எங்கள் பழைய கணக்கில் தணிக்கை நடப்பதால் இந்தக் கணக்குக்கு அனுப்பவும்’ என்று ஒரு வரி போகிறது. அந்தக் கடிதத்துக்கே பதில் எழுதி உறுதி கேட்டால், உறுதி சொல்பவரும் திருடர்தான்.

ஆகையால் கணக்கு எண் மாற்றம் எதுவாயினும் தொலைபேசியில் பேசி உறுதிசெய்த பிறகே ஏற்க வேண்டும். அழைக்கும் எண் அந்தக் கடிதத்தில் உள்ளதாக இருக்கக் கூடாது. பழைய ஒப்பந்தத்திலிருந்தோ முன்பு பேசிய பதிவிலிருந்தோ எடுத்ததாக இருக்க வேண்டும். வாங்குபவருக்கு இந்த விதி எவ்வளவு பொருந்துமோ, விற்பவருக்கும் அவ்வளவு பொருந்தும். ‘எங்கள் வங்கிக் கணக்கு மின்னஞ்சல் வழியாக ஒருபோதும் மாறாது, மாற்றம் என்று கடிதம் வந்தால் இந்த எண்ணில் அழைத்துக் கேளுங்கள்’ என்று முதல் ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு பில்லிலும் அச்சிட்டுவிடுவது விற்பவரின் கையில் இருக்கும் பாதுகாப்பு.

வங்கி முறையும் இதில் சற்று உதவத் தொடங்கியிருக்கிறது. என்இஎஃப்டி, ஆர்டிஜிஎஸ் வழியாகப் போகும் பணம் நீண்டகாலமாகக் கணக்கு எண்ணை மட்டுமே வைத்து வரவு வைக்கப்பட்டது. பெயர் பொருந்துகிறதா என்று பார்க்கப்படவில்லை. பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட்டது. திரையில் வரும் அந்தப் பெயரைப் படிக்காமல் அடுத்த பொத்தானை அழுத்துகிறவருக்கு அதனால் பயனில்லை. நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்குத் தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

ஆர்டராக வருவது

வணிகருக்கு ஆசை காட்டும் கடிதங்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து ஒருவர் பெரிய ஆர்டர் தருகிறார். அட்டையில் பணம் கட்டிவிடுவதாகவும், சரக்கை எடுத்துச் செல்லும் தம் முகவர் அட்டையை ஏற்பதில்லை என்பதால் அவருக்குரிய கூலியையும் சேர்த்துக் கட்டிவிடுவதாகவும், அதைக் கடைக்காரர் முகவருக்கு அனுப்பிவிடும்படியும் எழுதுகிறார். அட்டை திருடப்பட்டது. அட்டைக்கு உரியவர் சில வாரங்கள் கழித்து மறுப்புத் தெரிவித்ததும் கட்டண நுழைவாயில் நிறுவனம் முழுத் தொகையையும் கடையின் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளும். முகவருக்குப் போன பணமும் போன சரக்கும் திரும்புவதில்லை.

இதே வடிவம் உள்நாட்டிலும் ‘தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மீதியை இந்தக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள்’ என்று வருகிறது. இங்கே இன்னொரு துன்பம் சேர்கிறது. வந்த பணம் வேறொரு மோசடியில் பறிக்கப்பட்டதாக இருக்கலாம். அதை இழந்தவர் புகார் கொடுத்ததும் பணம் போன தடத்தில் உள்ள கணக்குகளில் அந்தத் தொகை, சில வேளைகளில் கணக்கு முழுவதுமே, முடக்கப்படும். குற்றமற்ற கடைக்காரர் தாம் ஓர் இடைத்தரகர் அல்லர் என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும். அதிகமாக வந்த பணத்தை வந்த வழியாகவே, வந்த கணக்குக்கே, நுழைவாயிலின் ‘ரீஃபண்ட்’ வசதி மூலம் மட்டுமே திருப்ப வேண்டும். வேறு கணக்குக்கு அனுப்பச் சொல்லும் எந்தக் காரணமும் ஏற்கத்தக்கதன்று. பணம் வந்துவிட்டதாகச் சொல்லும் மின்னஞ்சலையோ திரைப்பிடிப்பையோ நம்பியும் சரக்கை அனுப்பக் கூடாது. தம் கணக்கைத் தாமே திறந்து வரவைப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும்.

விலை கேட்டு வரும் கடிதத்தின் இணைப்பிலும் நஞ்சு இருக்கலாம். விசைப்பலகையில் தட்டுவதையும் சேமித்த கடவுச்சொற்களையும் திருடும் ‘ஏஜென்ட் டெஸ்லா’ போன்ற நிரல்கள் 2014 முதல் கொள்முதல் ஆணை, கப்பல் ரசீது என்ற பெயர்களில் பரப்பப்படுகின்றன. இணையத்திலிருந்து வரும் அலுவலகக் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022இல் இயல்பாகவே தடுத்த பிறகு, அனுப்புகிறவர்கள் ஐஎஸ்ஓ, சுருக்கக் கோப்பு, குறுக்குவழிக் கோப்பு ஆகியவற்றுக்கு மாறினார்கள். உண்மையான வாடிக்கையாளர் பொருள்களின் பட்டியலை ஐஎஸ்ஓ கோப்பில் அனுப்ப வேண்டிய தேவை எதுவும் இல்லை. விண்டோஸில் கோப்புகளின் பின்னொட்டு இயல்பாக மறைந்திருக்கும். அது தெரியும்படி மாற்றிவைத்தால் பிடிஎஃப் போலத் தோன்றும் இயக்கநிரல் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதிகாரத்தின் குரலில்

மூன்றாவது வகை அச்சத்தை நம்பியது. டொமைன் காலாவதியாகிறது, விற்பனைக் கணக்கு முடக்கப்படும், வணிகக்குறிக்குக் கட்டணம் பாக்கி, படத்தைத் திருடியதற்கு வழக்கு என்று பல முகங்கள். இவற்றில் டொமைன் கடிதங்கள் குழப்பமானவை. காரணம், உண்மையான கடிதங்களும் அதே தொனியில் வருகின்றன. காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவாளர் நிறுவனம் நினைவூட்ட வேண்டும் என்பது டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதி. பதிவு செய்தவர் தம் மின்னஞ்சலை 15 நாள்களுக்குள் உறுதிசெய்யாவிட்டால் டொமைன் நிறுத்திவைக்கப்படலாம் என்பதும் உண்மை. எனவே கடிதம் உண்மையா பொய்யா என்று ஆராய்வதில் நேரம் செலவிட வேண்டியதில்லை. கடிதத்தில் உள்ள சுட்டியைத் தொடாமல், டொமைனை வாங்கிய தளத்துக்குத் தாமாகவே சென்று பார்த்தால் எது பாக்கி என்று தெரிந்துவிடும். உங்கள் பெயரைச் சீன டொமைனில் வேறொருவர் பதிவு செய்யப்போகிறார், உடனே பணம் கட்டினால் தடுக்கிறோம் என்று வரும் கடிதங்களுக்குப் பதிலே வேண்டாம்.

வழக்கு மிரட்டல் கடிதம் தளத்தின் தொடர்புப் படிவம் வழியாகவே வருவது கூடுதல் சிக்கல். 2021 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் விவரித்த ஒரு தாக்குதலில், பதிப்புரிமையை மீறியதாகக் குற்றஞ்சாட்டி, ஆதாரம் என்று கூகுள் தளத்தின் ஒரு சுட்டியைப் படிவத்தில் தந்திருந்தார்கள். அதைத் திறந்தவரின் கணினியில் ‘ஐஸ்டுஐடி’ என்ற திருட்டு நிரல் இறங்கியது. கடையின் சொந்தப் படிவம் அனுப்பிய அஞ்சல் என்பதால் வடிகட்டிகள் அதைத் தடுக்கவில்லை.

வங்கி பெயரில் வரும் கடிதங்களைப் பொறுத்தவரை ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. இந்திய வங்கிகள் ‘பேங்க்.இன்’ என்று முடியும் டொமைனுக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது. வங்கியின் தளம் என்று சொல்லிக்கொள்ளும் முகவரி அப்படி முடியாவிட்டால் ஐயம் கொள்ள இனி உறுதியான காரணம் உண்டு.

உங்கள் கேமராவில் பதிவு செய்துவிட்டோம், பிட்காயின் அனுப்புங்கள் என்ற மிரட்டலில் சான்றாக ஒரு பழைய கடவுச்சொல் காட்டப்படும். 2018இல் பரவிய இவ்வகை, முன்பு கசிந்த தரவுத் தொகுப்புகளிலிருந்து எடுத்த கடவுச்சொற்களை வைத்து எழுதப்பட்டது. அந்தக் கடவுச்சொல் இன்னும் எங்காவது பயன்பாட்டில் இருந்தால் மாற்ற வேண்டும். வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

பழைய அடையாளங்கள் போனபின்

பிழை மலிந்த மொழி மோசடியின் அடையாளம் என்று நெடுநாள் கருதப்பட்டது. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி 2012இல் எழுதிய கட்டுரையில், நைஜீரியப் புதையல் கடிதங்கள் நம்பமுடியாதபடி இருப்பதற்குக் காரணம் காட்டினார். ஐயப்படுபவர்கள் தொடக்கத்திலேயே விலகிவிட்டால், எளிதில் நம்புபவர்களிடம் மட்டும் நேரம் செலவிடலாம். வணிகருக்கு எழுதப்படும் கடிதத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். அங்கே குறி ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவர் ஐயப்படக் கூடாது. மொழி மாதிரிகள் பரவிய பிறகு பிழையற்ற ஆங்கிலத்திலும் தமிழிலும் கடிதம் எழுதுவது யாருக்கும் எளிதாகிவிட்டது.

குரலும் முகமும்கூட இனிச் சான்றல்ல. 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர், தலைமை நிதி அலுவலர் பெயரில் வந்த மின்னஞ்சலை முதலில் சந்தேகித்தார். பிறகு காணொளிக் கூட்டத்தில் அவரையும் தெரிந்த சக ஊழியர்களையும் பார்த்ததும் நம்பிவிட்டார். அவர்கள் அனைவரும் கணினி உருவாக்கிய போலிகள். 15 தவணைகளில் ஏறத்தாழ 20 கோடி ஹாங்காங் டாலர் போனது. அவருடைய முதல் ஐயம் சரியாகவே இருந்தது. எதிர்த்தரப்பு ஏற்பாடு செய்த வழியில் உறுதி தேடியதுதான் அவரைக் கைவிட்டது.

பணம் அனுப்புவதை ஒருவர் பதிவு செய்து மற்றொருவர் ஒப்புதல் தரும் முறை இருவர் மட்டுமே வேலை செய்யும் கடையிலும் சாத்தியம். தனியாக நடத்துபவர் புதிய கணக்குக்கு அனுப்புவதை மறுநாள் காலைக்கு ஒத்திவைக்கலாம். அஞ்சல் பெட்டி, டொமைன் கணக்கு, கட்டண நுழைவாயில் மூன்றுக்கும் வெவ்வேறு கடவுச்சொற்களும் இரண்டாம் படிச் சரிபார்ப்பும் கட்டாயம் வேண்டும். ஓடிபியையும் போலித் தளம் இடையில் நின்று வாங்கிவிடும் என்பதால், சரியான டொமைனில் மட்டுமே வேலை செய்யும் ‘பாஸ்கீ’ அல்லது பாதுகாப்புச் சாவி மேலானது. கணக்கர் ஒருவர் உறுதிசெய்வதற்காகப் பணத்தைத் தாமதித்தால் அவரைக் கடிந்துகொள்ளாத முதலாளி, எந்த மென்பொருளையும்விட நல்ல பாதுகாப்பைத் தம் கடைக்குத் தருகிறார்.

பணம் போய்விட்டால்

முதல் அழைப்பு வங்கிக்கும் 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்கும். 2021இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் புகார் உடனே வங்கிகளுக்குப் போகிறது. பணம் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கும் கணக்கில் அது நிறுத்திவைக்கப்படுகிறது. மணிக்கணக்கு இங்கே முக்கியம். தொடர்ந்து தேசிய இணையக் குற்றப் புகார் தளத்தில் எழுத்துமூலம் பதிவு செய்து, மோசடி அஞ்சலை முழுத் தலைப்பு விவரங்களோடு சேமிக்க வேண்டும். திரைப்பிடிப்பு மட்டும் போதாது. அஞ்சல் பெட்டியில் தெரியாத முன்னனுப்பல் விதிகள் உள்ளனவா என்று பார்த்து நீக்காமல் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் கசிவு தொடரும். நிறுவனங்கள் இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் விதித்தது.

வணிகர் தாமே ஒப்புதல் அளித்து அனுப்பிய பணம், வங்கி ஈடுசெய்ய வேண்டிய ‘அங்கீகரிக்கப்படாத பரிவர்த்தனை’ என்ற வகையில் எளிதில் அடங்காது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆனால் தண்டனை கிடைப்பதும் பணம் திரும்புவதும் வேறு வேறு.

ஏமாந்தது வெளியே தெரிந்தால் பெயர் கெடும் என்று பலர் புகார் கொடுக்காமல் விடுகிறார்கள். பணம் போகாமல் தப்பித்தவர்களோ புகார் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. மோசடிக்குப் பயன்படும் கணக்குகளையும் எண்களையும் வங்கிகளோடு பகிரும் சந்தேகப் பதிவேட்டை இந்திய இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. கடிதத்தில் வந்த அந்தக் கணக்கு எண்ணைத் தப்பித்தவரும் புகாரில் எழுதிக் கொடுக்க வேண்டும்.